பதினைந்து பாகை கோணல்

ஒன்பது சாமிகள் கோணலாக உட்கார்ந்திருக்கின்றன என்று சொல்லி, ஒரு ஊரையே கடப்பாரை தேட வைத்தவன் நான். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஆனாலும் நானே சொல்லிவிடுவது நல்லது. கொல்லிமலையில் இதைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் சொன்னால் இன்னும் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்வார்கள்.

அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது. என் மைத்துனர் மலைமேல் குண்டூர் நாட்டில் ஓர் ஆரஞ்சுத் தோட்டம் வாங்கியிருந்தார்; அங்கே சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. வாங்கி முடித்த பிறகுதான் மலைக் காய்ச்சலைப் பற்றி யாரோ அவரிடம் சொன்னார்கள். ஆகவே தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து நடந்தே ஏறினேன். மூட்டையில் காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை, புத்தகங்கள், பித்தளைப் பெட்டியில் ஒரு திசைகாட்டி. அது நாமக்கல்லில் பூகோள வாத்தியாராக இருந்த நண்பரிடம் இரவல் வாங்கியது. வழி தவறினால் உதவும் என்றார். மலையில் வழி தவற முடியாது என்பது போன பிறகு தெரிந்தது. எந்தப் பாதையில் போனாலும் யாராவது எதிரே வந்து, "ஏனுங்க சாமி, அங்க எதுக்குப் போறீங்க?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆரஞ்சு மரங்கள் என் மேற்பார்வை இல்லாமலே வளர்ந்தன. நான் புத்தகம் படித்தேன். பழங்காலத்துக் கோயில்களும் கல் மண்டபங்களும் சூரியனைக் கணக்குப் பார்த்துத் திசை குறித்துக் கட்டப்பட்டவை என்று அந்தச் சீமைப் புத்தகங்கள் சத்தியம் செய்தன. இரண்டு மாதத்தில், கையில் எந்தக் கல் கிடைத்தாலும் அளந்துவிடுவது என்ற நிலைக்கு வந்திருந்தேன்.

அடுத்த காடு, சாமை போட்டிருந்த ஒருவருடையது. என் வயதுதான். காட்டுக்காரரே என்று கூப்பிடுவேன். அவர் காட்டு மூலையில் மூன்று பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லால் மூடிய பெட்டி ஒன்று, முழங்கால் உயரத்துக்கு இருந்தது. முன்பக்கம் ஒரு சாண் அகலத்துக்கு வாய். உள்ளே ஒரு கஜம் ஆழத்தில், வழவழவென்று தேய்த்த கருங்கல் கோடரி ஒன்று நின்றது. இரும்பு வருவதற்கு முந்தைய காலத்து ஆயுதம். இங்கே அது சாமி.

"இதை யாருங்க செஞ்சது?" என்று கேட்டேன்.

"செய்யறதா? மழை பேஞ்சா மண்ணுல இருந்து வருமுங்க. ஏரோட்டறப்பவும் வரும். வந்துருச்சுன்னா கொண்டாந்து சாமி ஊட்டுல வெச்சிருவோம். வெளிய போட்டா நல்லாவா இருக்கும்?"

"எந்தத் திசை பார்த்து இருக்குது?"

அவர் என்னைக் கொஞ்சம் கவலையோடு பார்த்தார். "கெழக்குங்க."

அது நாட்டுப்புறக் கணக்கு, நுட்பமான கணக்கு வேறு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு என் பித்தளைப் பெட்டியைத் திறந்தேன். திசைகாட்டியை மூடுகல்லின் மேல் வைக்கப் போனபோது தடுத்துவிட்டார். சாமி தலைமேல் எதையும் வைக்கக் கூடாது. சாமிக்கு நேர் எதிரேயும் கூடாது; அது சாமி நடக்கிற வழி. "என் பக்கத்துல வெச்சுக்கோங்க" என்றார். சாமியின் சோத்துக்கைப் பக்கம், வாயோரம், குந்தி உட்காருவதுதான் அங்கே முறை. அவரை ஒட்டி ஒரு முக்காலி போட்டு, அதன்மேல் திசைகாட்டியை வைத்து, பக்கத்துக் கல்லின் ஓரத்தோடு கோடு பார்த்தேன்.

நேர் கிழக்கு இல்லை. தெற்கே பதினைந்து பாகை தள்ளி இருந்தது.

அடுத்த மூன்று வாரத்தில் அந்த நாட்டில் இன்னும் எட்டுப் பெட்டிகளைத் தேடி அளந்தோம். ஒவ்வோர் இடத்திலும் காட்டுக்காரர் முறைப்படி சோத்துக்கைப் பக்கம் குந்தினார். நான் முக்காலி போட்டேன். பதினாலரை, பதினைந்து, பதினைந்தரை. நாடா பிடித்து வாய் அகலத்தையும் எடுத்தேன். அது அடியிலும் அடங்கவில்லை, முழத்திலும் அடங்கவில்லை. கடைசியில் என் சொந்தச் சாணில் ஒன்பதுக்கு நாலு பொருந்தியது. பொருந்தாத ஐந்தும் பிற்காலத்தவை என்று முடிவு செய்தேன். ஆராய்ச்சி இவ்வளவு சுலபம் என்று எனக்கு யாரும் முன்பே சொல்லியிருக்கவில்லை.

பதினைந்து பாகை தெற்கே சூரியன் எப்போது உதிக்கும் என்று பஞ்சாங்கத்தையும் பூகோளப் புத்தகத்தையும் வைத்துக் கணக்குப் போட்டேன். தை மாதம் கடைசி வாரம். அன்று காலை முதல் வெயில் அந்த ஒரு சாண் வாய்க்குள் நேரே பாய்ந்து கல்லைத் தொடும். ஒருநாள் விடியலில் எழுந்து சூரியன் எங்கே வருகிறது என்று பார்த்திருந்தாலே விஷயம் முடிந்திருக்கும். ஆனால் விடியலில் எழுந்திருக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

பெருமை தாங்காமல் காட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "கோணலுங்களா?" என்றார். "ஒம்பதும்?"

மறுநாள் பூசாரி வந்தார். அவருக்குப் பின்னால் ஊரே வந்தது. பூசாரி நறுக்கென்று பேசுகிறவர். "அதுதானுங்க மூணு வருசமா சாமை பதராப் போவுது. யாரு கோணலா வெச்சானோ. அறுப்பு முடிஞ்சதும் கல்லெல்லாம் நேராத் திருப்பி வெச்சரலாம்."

எத்தனை ஆயிரம் வருஷமாக அசையாத கற்கள். என் முக்காலியை நம்பி அவற்றைப் பிடுங்கப் போகிறார்கள். பதறிப்போய் விளக்கினேன்: இது தவறு இல்லை, வேண்டுமென்றே வைத்தது, தை கடைசியில் சூரியன் உள்ளே வரும், கண்ணால் பார்க்கலாம்.

பூசாரி யோசித்தார். "சரிங்க. வெயிலு உள்ள போயி கல்லத் தொட்டா அப்படியே இருக்கட்டும். தொடலீன்னா அன்னைக்கே திருப்பிருவோம்."

மூன்று மாதம் கழித்து அந்த நாள் வந்தது. இருட்டோடு எழுந்து போனால், காட்டு மூலையில் எனக்கு முன்பே பதினைந்து பேர். பெண்கள் மூன்று கல் கூட்டிச் சாமைப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். கருவேப்பிலை மரத்தில் இரண்டு கடப்பாரைகள் சாய்ந்து நின்றன. அந்தக் கடப்பாரைகளைத் தவிர வேறு எதையும் என்னால் பார்க்க முடியவில்லை. முக்காலியைப் போட்டு, சும்மா ஒரு தைரியத்துக்காகத் திசைகாட்டியை வைத்துக்கொண்டேன். காட்டுக்காரர் வழக்கமான இடத்தில் குந்தினார்.

பனி விலகியது. எதிர்மேட்டில் வானம் வெளுத்தது. காட்டுக்காரர் கண்ணை இடுக்கிப் பார்த்தார். "சாமி, அந்த நாவக் கிளை மறைக்குமுங்க. தறிச்சுட்டு வாரேன்." என் கணக்கு ஜெயிக்க வேண்டும் என்று என்னைவிட அவருக்குத்தான் ஆசை. எழுந்து போனார்.

அவர் போகப் போக, முள் மெதுவாகத் திரும்பியது.

நான் முக்காலியைத் தொடவில்லை, மூச்சும் விடவில்லை. ஆனால் முள் பதினைந்து பாகை நகர்ந்து நின்றது. கிளையை வெட்டிவிட்டு அவர் வந்து குந்தினார். முள் திரும்பி அவர் பக்கம் வந்தது. அவர் இடுப்பில், பின்பக்கம், ஒரு முழ நீளக் கொடுவாள் தொங்கியது. மூன்று வாரமும் தொங்கியது.

"இதைக் கழற்றிக் கீழே வைக்கவே மாட்டீங்களா?" என்றேன்.

"சாமிகிட்ட வந்து கொடுவாளக் கையில எடுத்தாலே, கீழ வெக்கறதுக்குன்னாலும், சண்டைக்கு வந்தாப்புல ஆயிருமுங்க."

அப்போது வெயில் வந்தது. வாய்க்குள் சாய்வாக நுழைந்து வடக்குச் சுவரில் விழுந்தது. கல் இருட்டிலேயே நின்றது. குனிந்து பார்த்த பூசாரி நிமிர்ந்தார். ஒருவன் கடப்பாரையை எடுத்தான்.

"நில்லுங்க," என்றேன். "கல்லு நேராத்தான் இருக்குது. இவரு கொடுவாள் ஊசியை இழுத்திருக்குது. எனக்குத் தெரியலை. தப்பு என்னுது."

பூசாரி நம்பவில்லை. முன்பு கோணல், அப்புறம் வேணும்னே கோணல், இப்போது நேர். மூன்று பேச்சு பேசுகிற ஆளை அவர் எதற்கு நம்ப வேண்டும்? "காட்டுங்க" என்றார். காட்டுக்காரரைப் போகச் சொன்னேன், வரச் சொன்னேன். பூசாரி முள்ளையே பார்த்தார். அது காட்டுக்காரரின் கொடுவாளுக்கு மட்டும் உள்ள குணமோ என்று அவருக்குச் சந்தேகம். தன் கொடுவாளோடு நடந்தார். பிறகு ஒவ்வோர் ஆணாக வரிசையில் நடந்தார்கள். ஒவ்வொருவருக்கும் முள் திரும்பியது. பொங்கல் கிண்டிக்கொண்டிருந்த ஒரு பெண், "அரிவாமணையக் கொண்டாரட்டுங்களா?" என்று கேட்டாள். யாரோ சிரித்தார்கள். பூசாரி சிரிக்கவில்லை.

"கொடுவாள் இல்லாம இருந்தா ஊசி என்ன சொல்லுதுங்க?"

"சாமி கிழக்குப் பார்த்து இருக்குதுன்னு சொல்லுது."

"அதைத்தான இவன் உங்ககிட்ட மொதல்லயே சொன்னான்?"

"ஆமாங்க."

பூசாரி கடப்பாரைக்காரனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "வெச்சுட்டு வா. இரும்பப் பாத்துப் பதறுற பொட்டிய நம்பிச் சாமியத் திருப்ப முடியாது." காட்டுக்காரர் பெரிய மூச்சு விட்டார். அந்த மூன்று மாதமும், தன் காட்டுச் சாமியை முதலில் பிடுங்குவார்கள் என்று அவர் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லையாம். அதை அன்றுதான் என்னிடம் சொன்னார். பொங்கலில் எனக்கு முதல் இலை போட்டார்கள். அதை எப்படி விழுங்கினேன் என்று சொல்ல மாட்டேன்.

மற்ற எட்டுப் பெட்டிகளையும் கொடுவாள் இல்லாத தூரத்தில் தனியாகப் போய் மறுபடி அளந்தேன். எட்டும் கிழக்கு. வாய் அகலம் மட்டும் இன்றைக்கும் எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை. ஏன் ஒரு சாண், யாருடைய சாண் என்று இப்போதும் யோசிப்பதுண்டு.

அடுத்த வாரம் செம்மேட்டுச் சந்தையில் பச்சை மிளகு வாங்கிக்கொண்டிருந்தேன். விற்றவளுக்குப் பக்கத்தில் நின்ற, நான் பார்த்தே இராத ஒரு பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவளிடம் சொன்னாள். குரலைத் தாழ்த்தவும் இல்லை:

"இவருதான் அவரு. ஆளு நல்லவருதான். கெழக்கு மட்டுந்தான் தெரியாது."