டெர்பிக்கு முன் காலியான தொட்டி

எங்கள் லாயத்திலிருந்து அதுவரை ஒரு குதிரையும் டெர்பியில் ஓடியதில்லை. என் கணவர் பந்தயக் குதிரைகளுக்குப் பயிற்சியாளர். அவருடைய அப்பா கிண்டியில் இதே வேலை பார்த்துவிட்டுக் கல்கத்தாவுக்கு வந்தவர். நான் கால்நடை மருத்துவம் படித்தவள். மகள் பிறந்தபின் வெளிவேலையை விட்டுவிட்டு எங்கள் லாயத்துக் குதிரைகளை மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

டெர்பி நான்கு வயதுக் குதிரைகளுக்கான பந்தயம். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. அந்தக் குளிர்காலத்தில் எங்களிடம் நான்கு வயதில் ஒரு பெண்குதிரை இருந்தது. ஜெயிக்கக்கூடிய குதிரை என்று மைதானத்தில் மற்றவர்களே சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். அதன் சொந்தக்காரர் டாலிகஞ்சில் தனியாக வசிக்கும் ஒரு வங்காளி அம்மாள், கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். நான் அவரைச் சித்தி என்ற அர்த்தத்தில் மாஷிமா என்பேன். அவர் என்னைத் தன் மருமகளைப்போல பௌமா என்று கூப்பிடுவார். குதிரையை ‘என் பெண்’ என்றுதான் சொல்வார்.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை காலை கடைசி வேக ஓட்டம். குதிரை அருமையாக ஓடியது. ஆனால் அன்று மாலை தீனியில் பாதியை அப்படியே வைத்துவிட்டது.

குதிரைக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்க முடியாது. கடுமையாக ஓடிய பிறகு தொட்டியை நக்கித் துடைத்துவிட்டால் அந்த ஓட்டத்தை அது தாங்கிக்கொண்டது என்று அர்த்தம். மிச்சம் வைத்தால் உள்ளே ஏதோ சரியில்லை. அந்த நிலையில் மறுபடி முழு வேகத்தில் ஓட்டினால் கடைசி முந்நூறு மீட்டரில் கால் முறியலாம். மைதானத்தில் கால் முறிந்து விழுந்த குதிரையைச் சுற்றித் திரை கட்டி, ஊசி போட்டு முடித்துவிடுவார்கள். அந்தத் திரைக்குப் பின்னால் மருத்துவராக நான் நின்றிருக்கிறேன்.

வியாழக்கிழமை காலையும் மாலையும் தொட்டி காலியாக இருந்தது. ரத்தப் பரிசோதனையும் சுத்தமாக வந்தது. “தேறிடுச்சு பாரு” என்றார் கணவர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குள் குதிரை ஓடும் என்று பந்தய மைதான அலுவலகத்துக்கு உறுதி சொல்ல வேண்டும். டாக்குரியாவில் எங்கள் பக்கத்து வீட்டு வங்காளி அண்ணியிடம் மகளை விட்டுவிட்டுப் பனியோடு பனியாக லாயத்துக்குப் போனேன். குதிரைக்குக் காய்ச்சல் இல்லை. கால்கள் நான்கும் வீக்கத்தின் சூடு இல்லாமல் குளிர்ச்சியாக இருந்தன. முந்தைய நாள் மாலைத் தீனித் தொட்டியில் ஓர் ஓட்ஸ் மணிகூட இல்லை. சும்மா அதன் விளிம்பில் கை வைத்தேன். விரல் ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன். புகைவாசம் கலந்த இனிப்பு.

அது எனக்குத் தெரிந்த வாசனைதான். குளிர்காலத்தில் இங்கே கிடைக்கும் நோலன் குட், ஈச்சம்பாகு. அதைப் பிசைந்துதான் இரண்டு வாரமாக என் மகளுக்குச் சோறு இறங்கிக்கொண்டிருந்தது. கதை சொல்லி, ஜன்னலில் காக்கா காட்டி, பாகைத் தொட்டு ஊட்டிவிட்டு, அவள் அப்பா கேட்டால் சாப்பிட்டாள் என்பேன். பசித்துச் சாப்பிட்டாளா என்று அவர் கேட்பதில்லை.

குதிரைக்குத் தீனி வைக்கும் லாயத்து ஆளிடம் கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார். குதிரை தீனியை மிச்சம் வைத்துவிட்டது என்று கேள்விப்பட்டு மாஷிமா வியாழக்கிழமை இரண்டு வேளையும் தூக்குவாளியில் பாகோடு வந்திருக்கிறார். ஓட்ஸில் கலந்து, பேசிப் பேசிக் கையாலேயே ஊட்டியிருக்கிறார். சொந்தக்காரரை இவர் எப்படித் தடுப்பார்?

கணவரிடம் போய்ச் சொன்னேன்.

“வெல்லம் தின்னா கால் உடையுமா?” என்றார். “தொட்டிய மோந்து பாக்கத்தான் அஞ்சு வருஷம் படிச்சியா?”

“வெல்லத்தால ஒண்ணும் ஆகாதுங்க. ஆனா அதுக்குப் பசி வந்துடுச்சான்னு நமக்குத் தெரியாது. தொட்டி காலியாச்சுன்னுதானே தேறிடுச்சுன்னு நினைச்சோம்?”

அவர் தானே போய் வெறும் ஓட்ஸை அளந்து கொண்டுவந்து தொட்டியில் கொட்டினார். எல்லோரையும் அந்தப் பக்கம் வரக்கூடாது என்று விலக்கினார். நாங்கள் இருவரும் எதிர்க் கொட்டடியின் நிழலில் நின்றோம்.

குதிரை தலையைத் தொட்டிக்குள் விட்டது. மெல்லும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் நிற்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அப்போதே எனக்கு என் மீது சந்தேகமும் வந்தது. மகள் பிறப்பதற்கு முன்னால் இதே குதிரையை இதே காலையில் பார்த்திருந்தால், கால் நன்றாக இருக்கிறது, ஓடட்டும் என்று சொல்லியிருக்க மாட்டேனா? சாப்பிடாத குழந்தையைப் பார்த்துப் பார்த்து எல்லா வாயும் எனக்கு அப்படியே தெரிகிறதோ?

சத்தம் நின்றது. குதிரை தலையை வெளியே நீட்டி வாசல் பக்கம் பார்த்தது. மறுபடி கொஞ்சம் தின்றது. மறுபடி வாசலைப் பார்த்தது. அதன் பிறகு தொட்டிக்குத் திரும்பவில்லை. போய்ப் பார்த்தபோது பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

“அது வெல்லத்துக்குக் காத்திருக்கு” என்றார் கணவர். “ருசி கண்டுடுச்சு. அவ்வளவுதான்.”

“இருக்கலாம்.”

“இருக்கலாம்னா? நீ டாக்டர். ஏதாவது ஒண்ணு சொல்லு.”

அவர் சொன்னது உண்மையாகவே இருந்திருக்கலாம். குழந்தைகளும் அப்படித்தான் செய்யும். பசியில்லாமல் மிச்சம் வைத்ததா, பாகு வேண்டுமென்று வைத்ததா என்று பிரித்துச் சொல்ல எந்தக் கருவியும் என்னிடம் இல்லை. இன்னும் இரண்டு நாள் இருந்தால் தெரிந்துவிடும். பதினோரு மணிக்கு இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீ வேண்டாம்னா நான் வேண்டாம்னு சொல்லிடறேன். ஆனா உன் வாயால சொல்லணும்.”

“வேண்டாம்” என்றேன். சொன்ன அடுத்த நொடியே மாற்றிச் சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. அதற்குள் அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். குதிரையின் பெயரையும், அது ஓடவில்லை என்பதையும் அவர் ஆங்கிலத்தில் சொல்வது கேட்டது. மறுமுனையில் அவர்கள் நம்பவில்லை போலிருக்கிறது. இன்னொரு முறை சொன்னார்.

மாஷிமாவிடம் யார் சொல்வது என்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. கொஞ்ச நேரத்தில் அவரே கையில் தூக்கோடு காரிலிருந்து இறங்கினார். என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“கீ ஹோலோ, பௌமா?” என்ன ஆயிற்று என்று வங்காளத்தில் கேட்டார்.

காலில் லேசாக வீக்கம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார், அதற்கு மேல் கேள்வியே வந்திருக்காது. ஆனால் நான் பாகு ஒட்டிய தொட்டியைப் பற்றியும், வெறும் தீனியை வைத்துப் பார்த்ததைப் பற்றியும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஓடவில்லை என்பதைக் கடைசியில் சொன்னேன். எனக்கு வங்காளம் தடுக்கியது. அவர் அவசரப்படுத்தாமல் கேட்டார்.

“அவளுக்கு உடம்பு சரியில்லையா?”

“தெரியலை, மாஷிமா.”

“தெரியாமலேயா நிறுத்திவிட்டாய்?”

“ஆமாம்.”

அவர் தூக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். “உன் பெண் சாப்பிடாவிட்டால் நீ ஊட்ட மாட்டாயா?”

“ஊட்டுவேன்.”

அவர் குதிரையைக்கூடப் பார்க்கப் போகவில்லை. காரில் ஏறிப் பின் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். ஜெயித்த குதிரையைக் கடிவாளம் பிடித்து அழைத்து வரும்போது உடுத்துவதற்காகக் கரியாஹாட் கடையில் ஒரு கரத் பட்டுப் புடவை எடுத்து வைத்திருந்தார் என்பதை அவருடைய டிரைவர் பிறகுதான் சொன்னார்.

அடுத்த நாளும் குதிரை தீனியை மிச்சம் வைத்தது, ஆனால் முன்பைவிடக் குறைவாக. காய்ச்சல் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை டெர்பி ஓடும் நேரத்தில் நானும் மாஷிமாவும் லாயத்தில் குதிரையின் பக்கத்தில் இருந்தோம். அவர் பந்தயம் பார்க்கப் போகவில்லை. மைதானத்துப் பக்கமிருந்து கூட்டத்தின் இரைச்சல் எழுந்து வந்தபோது குதிரை காதுகளை அந்தத் திசையில் திருப்பி வைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. மாஷிமா அதன் கழுத்தில் கை வைத்திருந்தார். நான் கீழே குந்தி அதன் கால்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன.