அரக்குப் புடவை கட்டிக்கொண்டு லேப்டாப் வாங்கப் போனது

பேருந்தில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு லேப்டாப் வாங்கப் போகிறவள் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டா போவாள்? பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "இன்னாக்கா, எந்த மண்டபம்?" என்று கேட்டே விட்டாள். என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

அவர் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பார். அதைச் சரிசெய்து ஆல்பமாக்குவது நான். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவள். திரையில் இங்கிலீஷில் ஏதாவது வந்தாலே அவரைக் கூப்பிடுவேன். நிறம் பார்க்கப் படிப்பு வேண்டாம் என்ற ஒரு தைரியம்தான் இருந்தது. அதுவும் போயிற்று. பழைய லேப்டாப்பின் திரை கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகிப்போனதை நான் கவனிக்கவில்லை. படம்தான் மஞ்சள் என்று நினைத்து நீலத்தை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். அச்சாகி வந்தபோது மணப்பெண்ணின் அரக்குப் புடவை நாவல்பழமாக இருந்தது.

"இது யாரு பொடவ? எம்பொண்ணு கட்னது அரக்கும்மா. இன்னொரு தபா போட்டுக் குடு. அதுவும் மாறிச்சுன்னு வெச்சிக்க, எங்க தெருவுல எவளும் உங்கள கூப்ட மாட்டா" என்றார் பெண்ணின் அம்மா. சொன்னால் செய்கிறவர். எங்களுக்கு வேலை வருவதே அப்படித் தெருத் தெருவாகத்தான்.

அதனால்தான், கடையில் திரையோடு ஒத்துப் பார்க்க என் அரக்குப் பட்டை உடுத்திக்கொண்டேன். முந்தின நாள் வெயிலில் அதே புடவையில் என்னை எடுத்த படம் பென்டிரைவில் இருந்தது.

கடைக்காரத் தம்பி புதிது ஒன்றைத் திறந்து அந்தப் படத்தைப் போட்டார். புடவை மிளகாய்ப்பழமாகச் சிவந்தது.

"சும்மா ஜொலிக்குது பாரு!" என்றார் கணவர்.

"ஜொலிக்கிறதுதான் பயமாக் கீது."

அடுத்தது விலை கட்டுப்படியாகும். ஆனால் தலையைக் கொஞ்சம் சாய்த்தால் போதும், புடவை செங்கல்லாக வெளுத்தது. மூன்றாவது ஏதோ ஆபீஸில் ஓடிய பழசு. கனம். பட்டன்களில் எழுத்து தேய்ந்திருந்தது. முந்தானையைத் திரையோரம் பிடித்தேன். எப்படிச் சாய்ந்தாலும் துணியும் படமும் ஒன்றாகவே இருந்தன.

"பழசாச்சே தம்பி, நாளைக்கே நின்னுபோச்சுன்னா?"

அவர் பின்மூடியைக் கழற்றிக் காட்டினார். "பேட்டரி மாத்தலாம், மெமரி ஏத்தலாம். புதுசுல பாதிக்கு இது முடியாதுக்கா. வூடு கடலோரமா? வேல முடிஞ்சதும் மூடி வெச்சிடுங்க. உப்புக் காத்துக்குப் புதுசு பழசெல்லாம் தெரியாது."

வாங்கிவிட்டோம். திரும்பி வரும்போது மடியில் அணைத்துக்கொண்டிருந்தேன். பாதி வழியில்தான் உறைத்தது: நான் ஒத்துப் பார்த்தது என் அரக்கை. அந்தப் பெண்ணுடையது வேறு அரக்காக இருந்தால்?

ஆல்பம் முழுவதும் அடிக்கக் கை வரவில்லை. ஒரே ஒரு படத்தைச் சரிசெய்து அச்சடித்து வாங்கி, புடவையோடு வரச் சொல்லி அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். வந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் புடவையை விரித்து, அதன்மேல் படத்தை வைத்தார். குனிந்தார். படத்தை முந்தானைப் பக்கம் நகர்த்தினார்.

"ம். இதான். போட்டுக் குடு."

அவர் சொன்ன பிறகும் நான் திரையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாம்மா, கழுத்து சுளுக்கா?" என்றார்.