கீழ்த்தாடை மலைத்தொடர்

“அச்சை மட்டும் கையில குடுங்க, ஆளு யாருன்னு நான் சொல்றேன். முகத்தைக் காட்டி என்னைக் குழப்பாதீங்க.”

இந்த வீரப் பிரகடனம், ஒரு பல் மருத்துவமனையின் ஆண்டு விழாவில், பிஸ்கட் தட்டு காலியாகிவிட்ட நேரத்தில் வெளியிடப்பட்டது. வெளியிட்டவர் பல்செட்டு செய்பவர். நோயாளியின் வாயில் டாக்டர் எடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டரை ஊற்றி, இறுகியதும் உருவி, அந்த வெள்ளைத் தாடையை அளவாக வைத்துப் பொய்ப்பல் கட்டிக் கொடுப்பது அவர் தொழில். சும்மா இருக்க மாட்டாத இளம் டாக்டர் ஒருவர், அலமாரியிலிருந்து சில பிளாஸ்டர் தாடைகளை எடுத்து வந்து மேசையில் பரப்பினார். நம்மவர் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினார்.

“இது முன்பல்லுல சின்னதா ஒரு பள்ளம். தினமும் நூலைக் கடிக்கிறவர். தையல்காரர். இது ஆணியை வாயில கவ்விக்கிட்டு வேலை செய்யற ஆசாரி. இது... டாக்டர், தூக்கத்துல பல்லைக் கடிக்காதீங்க, உங்க வீட்டம்மா பாவம்.”

எல்லாமே சரி. கைதட்டல் ஓய்ந்தபோது அவருக்குத் ‘தாடையார்’ என்று பெயர் விழுந்திருந்தது. கேலிக்கு வைத்த பெயர்தான். அவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

தாடையாருக்கு ஒரு பலவீனம் உண்டு. வேலை முடிந்த அச்சைக் குப்பையில் போட அவருக்குக் கை வராது. குடிப்பழக்கம் இருந்தால் ஊரார் பத்து வார்த்தை புத்தி சொல்லியிருப்பார்கள். இவரோ ரயில் விட்டார். வீட்டின் பின்னறையில், பழைய கதவு ஒன்றைக் கட்டில்மேல் கிடத்தி, அதன்மேல் எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு மலைநாட்டை நிறுவி, அதில் சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு நேரோ கேஜ் பாதை போட்டார். மலைகள் எல்லாம் ஊராரின் தாடைகள். நிமிர்த்தி வைத்த கீழ்த்தாடைகள் செங்குத்துப் பாறைகள் ஆயின. கவிழ்த்த மேல்தாடைகள் குகைகள் ஆயின. ஈறு செய்யும் இளஞ்சிவப்புப் பசை மிஞ்சும்போதெல்லாம் ஏரி பெரிதானது. பச்சைச் சாயத்தில் தோய்த்தெடுத்த பழைய பல்துலக்கிகள் பைன் மரக்காடாக நின்றன. உதிரிக் கடைவாய்ப் பற்கள் சரிவுகளில் வெள்ளாடுகளாக மேய்ந்தன. கவிழ்த்து வைத்தால் மெல்லும் பக்கத்து நாலு முனைகளே கால்களானதால் செலவு மிச்சம்.

ரயில் ‘சிங்கப்பல்’ நிலையத்தில் புறப்பட்டு, ‘ஈறுமேடு’ வழியாக ‘கடைவாய்’ போய்ச் சேரும். ‘ஞானப்பல்’ என்றொரு நிலையமும் உண்டு. அது தாமதமாகத்தான் வரும், வந்தால் எல்லோருக்கும் வேதனை என்பதால் வண்டி அங்கே நிற்பதில்லை. பயணிகள் என்று யாருமே கிடையாது. ஆகவே புகார்களும் கிடையாது. உலகத்தில் இப்படி நிர்வகிக்கப்பட்ட ரயில்வே வேறு இல்லை என்பதில் அதன் பொது மேலாளரும் எஞ்சின் ஓட்டுநரும் கொடி காட்டுபவருமான தாடையாருக்குச் சந்தேகமே இல்லை.

அவர் மனைவி கதவுநிலையில் காபியோடு நின்று பார்ப்பார்.

“ஊர்ல இருக்கிறவங்க வாயெல்லாம் நம்ம வீட்டுக்குள்ள. நான் வாயைத் திறந்தா மட்டும் குத்தம்.”

“கொஞ்சம் தள்ளி நில்லு. சிக்னல் மறைக்குது.”

பிறகு ஒரு சமயம் அந்த அம்மாளுக்கே ஒரு பல் விழுந்தது. டாக்டர் அச்செடுத்தார், அது மற்ற அச்சுகளோடு சேர்ந்து தாடையாரின் மேசைக்கு வந்தது, பல் கட்டிப் போனது. கீழ்த்தாடை வழக்கம்போல் மலைத்தொடரில் போய்ச் சேர்ந்தது. அந்த அம்மாளுக்கு அதில் ஒரே பெருமை.

“ஏங்க, இதுல எந்த மலை நானு?”

“அதை அப்புறம் சொல்றேன், வண்டி வர்ற நேரம்.”

வண்டி வந்தது, போனது. அந்த அம்மாளும் ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

தாடையார் அழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் கைக்குட்டையோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஏமாந்தவர்கள்போல் திரும்பிப் போனார்கள். அடுத்த வாரமே அவர் பின்னறையில் உட்கார்ந்து, மலைகளில் பாசியாக ஒட்ட மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தார். “கல்லு மாதிரி இருக்காருப்பா மனுஷன்” என்று தெருவில் பேச்சு. தாடையாருக்கே அது விசித்திரமாகத்தான் இருந்தது. ஊசி போட்ட ஈறைக் குத்திப் பார்ப்பதுபோல் அவ்வப்போது தன்னைக் குத்திப் பார்த்தார். அவளுடைய செருப்பைப் பார்த்தார், அவளுடைய கண்ணாடியைப் பார்த்தார். தொடுவது தெரிந்தது, வலி தெரியவில்லை. ஈறு என்றால் சில மணி நேரத்தில் சரியாகிவிடும். இதற்குக் கணக்குச் சொல்ல ஆள் இல்லை. சாப்பிட்டார், தூங்கினார், அடுப்பை அணைக்க மறந்தார்.

அடுப்பு விவகாரம் மகள் காதுக்குப் போனது. மகள் அட்டைப் பெட்டிகளோடு வந்து இறங்கினாள்.

“போதும்பா. எங்க வீட்டுக்கு வந்துடுங்க. தனியா இருந்தா ஒரு நாள் வீட்டையே கொளுத்திடுவீங்க.”

“சரிம்மா.”

“ரயிலையெல்லாம் எடுத்துட்டு வர முடியாது. அங்க உங்க ரூம்ல கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல நான் நுழையறதே பெரும்பாடு.”

“சரிம்மா.”

இப்படி எல்லாவற்றுக்கும் சரி சொல்லும் அப்பா அவளுக்குப் பழக்கமில்லை. சண்டைக்குத் தயாராக வந்தவளுக்குக் கை ஓய்ந்துவிட்டது. ஒட்டும் டேப்பைக் கீழே வைத்துவிட்டு, சற்றுத் தணிந்த குரலில் சொன்னாள்:

“ஒண்ணே ஒண்ணு மட்டும் எடுத்துக்கலாம். ஜன்னல் மேடையில வைக்கலாம். அம்மாவோடத. போன்ல என்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. ‘உங்கப்பா என்னை மலையாக்கிட்டாருடி, இனிமே இளைக்கணும்னு கவலையே இல்ல’ன்னு. மத்ததையெல்லாம் வேன்காரர் வந்து அள்ளிட்டுப் போயிடுவாரு. அதுக்குள்ள அதை மட்டும் எடுத்து வைங்க.”

“அதுக்கென்ன, ஒரு நிமிஷம்” என்றார் தாடையார், நிபுணரின் தோரணையில்.

பின்னறையில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சிங்கப்பல்லில் தொடங்கினார். பாசியையும் பெயின்ட்டையும் நகத்தால் சுரண்டிவிட்டு, பல்வரிசைமேல் விரலை ஓட்டினார். தையல்காரர். அடுத்தது ஆசாரி. ஈறுமேட்டின் முதல் சிகரம், பென்சிலைக் கடித்தே வாழ்ந்த பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். இரண்டாவது, பாட்டில் மூடியைப் பல்லால் திறந்து பந்தயம் ஜெயித்த பஸ் கண்டக்டர். குகைக்குப் பக்கத்தில் எந்நேரமும் விசில் ஊதிய காவலாளி. ஒவ்வொரு வாயும் தன் பிழைப்பை ஒப்பித்தது. அடையாளம் தெரிந்த மலைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்துத் தரையில் வைத்தார். வெள்ளாடுகள் உருண்டன. தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. பொது மேலாளர் கவலைப்படவில்லை.

கடைசியில் கட்டில்மேல் கிடந்த கதவில் இரண்டு மலைகள் நின்றன. இரண்டிலும் ஒரு பல் இல்லை, அதே இடத்தில். இரண்டும் ஒரே அளவு. ஒன்று ஏரிக்கரை மலை, மற்றது கடைவாய்க்குப் பின்னால் இருப்பது. முதலாவதில் இடது பக்கக் கடைவாய்ப் பற்கள் தேய்ந்திருந்தன, மற்றதில் வலது பக்கம். வேறு வித்தியாசம் இல்லை. ஆணி இல்லை, நூல் இல்லை, விசில் இல்லை.

எந்தப் பக்கம் மென்று சாப்பிடுபவள் என்று தெரிந்தால் போதும்.

தாடையார் கண்ணை மூடினார். சாப்பாட்டு மேசை வந்தது. தட்டு வந்தது. அவள் கை வந்தது, தண்ணீர் ஊற்றியது. முகம் இருக்க வேண்டிய இடத்தில், அவர் அன்றைக்கு யோசித்துக்கொண்டிருந்த குகையின் வளைவு வந்தது. இன்னொரு நாளைக் கூப்பிட்டுப் பார்த்தார். அன்றைக்கு எஞ்சினுக்குப் புகைபோக்கி. கல்யாணமான புதிதில் இருந்த வாடகை வீட்டுக்குப் போனார். அங்கே அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

வாசலில் வேன்காரர் ஹாரன் அடித்தார்.

ஏரிக்கரை மலையை இடது கையிலும் கடைவாய் மலையை வலது கையிலும் எடுத்தார். ஏதாவது ஒன்றை நீட்டிவிட்டால் மகளுக்குத் தெரியப் போவதில்லை. அவள் துடைத்து, ஜன்னல் மேடையில் வைத்து, தினமும் காலையில் பார்ப்பாள். தினமும் காலையில் இவரும் பார்க்க வேண்டியிருக்கும், யாரோ ஒரு வழிப்போக்கரின் தாடையை. இடது கை ஒருமுறை முன்னால் போனது. திரும்பி வந்தது.

இரண்டையும் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு நடந்தார். மகள் பாத்திரங்களைப் பழைய துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“கிடைச்சிடுச்சாப்பா?”

“ஏம்மா,” என்றார் தாடையார், “அம்மா எந்தப் பக்கம் மெல்லுவா?”

மகள் நிமிர்ந்து அவரையும், அவர் இரண்டு கைகளையும் பார்த்தாள்.  பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுத் தன் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“இந்தப் பக்கம்.”

தாடையார் இரண்டு தாடைகளையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ஏரிக்கரை மலையை அவளிடம் கொடுத்தார்.