சொட்டுவதற்கென்று ஒரு வாய்

தண்ணீர் வீணாவதைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் சரி, குழாய் சொட்டிக்கொண்டிருந்தால் எழுந்து போய் இறுக்கி மூடிவிட்டுத்தான் காபி டம்ளரைக் கையில் வாங்குவேன். "நீ விருந்தாளியா வந்துகிறியா, பிளம்பரா வந்துகிறியா?" என்று என் தங்கை கேட்பாள். காசிமேட்டில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தவளுக்கு இது வியாதி இல்லை, புத்தி. அந்தப் புத்தியில் எனக்குப் பெருமையும் உண்டு. அந்தப் பெருமைதான் பதினொரு மாதம் என்னை முட்டாளாக வைத்திருந்தது.

ராயபுரத்தில் இறால் உரித்து, உறையவைத்து, வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் நான் சூப்பர்வைசர். எனக்குக் கீழே நாற்பது பெண்கள். எண்ணூர் வரைக்கும் உள்ள குப்பங்களிலிருந்து வருகிறவர்கள். தலையில் தொப்பி, கையில் உறை, காலில் பூட்ஸ், வாய்க்கு மேலே துணி. துணி போட்டாலும் வாய் ஓயாது. அவர்கள் குடிப்பதற்கு ஹாலுக்கு வெளியே ஒரு குழாய் உண்டு.

தெருவிலிருந்து வரும் மெயின் பைப்பு காம்பவுண்டுச் சுவரோரம் இரண்டாகப் பிரியும். ஒன்று அந்தக் குடிநீர்க் குழாய்க்கு. இன்னொன்று உள்ளே, இயந்திரங்களைக் குளிரவைக்கும் கூலிங் டவருக்கு. டவர் தண்ணீரில் பாசி பிடிக்காமலிருக்க மருந்து கலப்பார்கள். அந்த மருந்து டின்னில் மண்டையோட்டுப் படம் போட்டிருக்கும். காலையில் தெருவில் எல்லா வீட்டிலும் அடிபம்பை அடிக்க ஆரம்பித்தால் மெயினில் அழுத்தம் போய்விடும். அப்போது பைப்பு கொடுப்பதை விட்டுவிட்டு இழுக்க ஆரம்பிக்கும். அப்படி இழுக்கும்போது டவர் தண்ணீர் வந்த வழியே திரும்பி, குடிக்கிற குழாய்க்குள் வந்துவிடக் கூடாது. அதைத் தடுப்பதற்காக உள்ளே போகும் பைப்பில் ஒரு பெரிய பித்தளை வால்வு உட்கார்ந்திருக்கிறது. பில்லில் அதற்கு பேக்ஃப்ளோ பிரிவென்டர் என்று பெயர். நாங்கள் ரிட்டன் வால்வு என்போம். வருஷத்துக்கு ஒருமுறை ஆள் வந்து சோதித்து சர்ட்டிபிகேட் தர வேண்டும். இது எங்கள் இறாலை வாங்கும் வெளிநாட்டுக்காரர் போட்ட கண்டிஷன்.

போன வருஷம் சோதனை முடிந்து சில நாட்களில் அந்த வால்வு சொட்ட ஆரம்பித்தது. அதன் அடிவயிற்றில் தரையைப் பார்த்தபடி ஒரு வாய் இருக்கிறது. அதிலிருந்து சொட்டு, கொஞ்சம் நிறுத்தி இன்னொரு சொட்டு. முதலில் ஒரு குடத்தை வைத்தேன். குடம் நிறைந்தது. அதை யார் எடுத்துப் போய் பூட்ஸ் கழுவுவது என்று இரண்டு பேர் சண்டை போட்டார்கள். ஆபீஸில் இரண்டு முறை சொன்னேன். டெஸ்ட் பண்ணுகிறவர் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அடுத்த டெஸ்டுக்குப் பதினொரு மாதம் இருந்தது.

என் அப்பா ஃபைபர் படகுக்கு ஓட்டை அடைக்கிறவர். படகில் தண்ணீர் வருகிற துளைக்கு எங்கள் வீட்டில் ஒரே வைத்தியம்தான். மரத்தக்கையைக் கூராகச் சீவி, பருத்தி நூலைச் சுற்றி, சுத்தியலால் அடிக்க வேண்டும். நூல் தண்ணீரில் ஊறி உப்பிக்கொண்டு அடைத்துவிடும். ஒரு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நானே தக்கை சீவினேன், நானே நூல் சுற்றினேன், குப்புறப் படுத்து நாலு அடி அடித்தேன். சொட்டு நின்றது. சுற்றி நின்ற பெண்கள் கைதட்டினார்கள். எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு மறுபடி வேலைக்குப் போனேன்.

அந்தப் பெண்களில் ஒருத்தி எண்ணூரிலிருந்து வருகிறவள். இந்த வருஷம் அவளுக்கு முதல் பிரசவம். மாசமானது தெரிந்த வாரமே என்னிடம் வந்து, "வூட்டாண்ட வர்ற தண்ணி மஞ்சளா கீதுக்கா, வாடையும் அடிக்குது. நல்ல தண்ணியா குடின்னு டாக்டரம்மா சொல்லிகீறாங்க" என்றாள். நான் யோசிக்கவே இல்லை. "நம்ம கொயால புட்ச்சிகினு போ. இந்தத் தண்ணிக்கி நான் கேரண்டி" என்றேன். அன்றிலிருந்து அவள் வேலை முடிந்து போகும்போது இரண்டு லிட்டர் பாட்டிலை நிரப்பிக்கொண்டுதான் பஸ் ஏறுவாள். வயிறு பெரிதாகப் பெரிதாக அந்தப் பாட்டிலை இடுப்பில் வைக்க முடியாமல் தோளில் பையாகத் தொங்கவிட்டுக்கொண்டாள்.

அவளுக்கு ஏழு மாதம் நடக்கும்போது டெஸ்ட் பண்ணுகிறவர் வந்தார். வண்ணாரப்பேட்டை பாய், வயது என் வயதுதான் இருக்கும். மணலி பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கெல்லாம் அவர்தான் போகிறார். அன்று காலை மாத்தூரில் ஒரு வேலையை முடித்துவிட்டு வந்தவர், டோல்கேட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டேன் என்று புலம்பிக்கொண்டே பெட்டியைத் திறந்தார். உள்ளே வட்டமாக ஒரு மீட்டர், மூன்று நிறத்தில் மூன்று குழாய்கள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"போன தபா நீங்க போனதும் இது சொட்டிக்கினே இருந்துச்சு பாய். யாரும் வர்ல. நானே நிறுத்திட்டேன்" என்றேன்.

அவர் குனிந்து டார்ச் அடித்தார். அப்புறம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தக்கைய யாரும்மா அட்ச்சது?"

"நான்தான். எப்டி?"

"சோக்கா கீது. படகா இருந்தா உங்களுக்கு மாலையே போட்ருப்பேன்." அவர் சிரிக்கவில்லை. "இது ஓட்டை இல்லம்மா, வாய். உள்ள ரெண்டு கதவு கீது. முதல் கதவு சரியா மூடலன்னா இது சொட்டும். ரெண்டாவதும் போச்சுன்னா கடகடன்னு ஊத்தும். டவர் தண்ணி உங்க கொயாவுக்குப் போவாம தரையில ஊத்தட்டும்னுதான் இந்த வாய வச்சிகீறாங்க. அது கத்திகினு இருந்துகீது. நீங்க வாய அடைச்சிட்டீங்க."

என் கோபம் எனக்குத் தெரியும். தப்பு என்மேல் என்று தெரிந்த நொடியில் அது முதலில் எதிரே இருப்பவர்மேல்தான் பாயும். "அத எழுதி ஒட்டிட்டுப் போறதுக்கு இன்னா உங்களுக்கு?" என்று கத்தினேன். அவர் பைப்புக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பிளாஸ்டிக் அட்டையை இழுத்துக் காட்டினார். அடைக்காதே என்று இங்கிலீஷில் சிவப்பெழுத்தில் இருந்தது. போகிற வருகிற கையில் இடிக்கிறது என்று அதைப் பின்பக்கமாகத் திருப்பிக் கட்டியதும் நான்தான்.

அப்புறம்தான் பயம் வந்தது. நன்றாகவே பயந்தேன். நாற்பது பேரும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வந்தது அந்த எண்ணூர்ப் பெண்ணின் பாட்டில் ஒன்றுதான். ஓடிப்போய்க் குடிநீர்க் குழாயை மூடி, அதன் கழுத்தில் ஒரு துணியைக் கட்டினேன். "இன்னாக்கா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "டெஸ்டு நடக்குது, யாரும் தொறக்காதீங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை.

திரும்பி வந்தபோது பாய் தக்கையைப் பிடுங்கியிருந்தார். அடைபட்டிருந்த தண்ணீர் அவர் சட்டையெல்லாம் அடித்திருந்தது. "முதல் கதவு அவுட்டு. அதான் சொட்டிகீது" என்றார். இனிமேல் கேள்வி இரண்டாவது கதவைப் பற்றி. அதுவும் போயிருந்தால், டவர் மருந்துக்கும் பெண்களின் டம்ளருக்கும் நடுவே இத்தனை மாதம் ஒன்றுமே இருந்திருக்காது. பாய் குழாய்களை மாட்டினார், ஒரு திருகைத் திறந்தார், இன்னொன்றை மூடினார். மீட்டரில் முள் கொஞ்சம் ஆடியது. நான் இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டேன். முள் இறங்கினால் கதவு ஒழுகுகிறது என்று அர்த்தம், அதை அவர் முன்பே சொல்லியிருந்தார்.

முள் நின்றது. ஒரு நிமிஷம் பார்த்தார், இன்னும் ஒரு நிமிஷம் பார்த்தார். நின்றுகொண்டே இருந்தது.

"புட்ச்சிகினு நிக்குது" என்றார்.

"அப்போ போவலையா பாய்? கெட்ட தண்ணி போவலையா?"

"இன்னிக்கி நிக்குது. நேத்து நின்னுச்சான்னு கேட்டா என்னால சொல்ல முடியாது. தொறந்து பாக்குறேன், இருங்க." இரண்டு பக்கமும் மூடிவிட்டு மூடியைக் கழற்றினார். இரண்டாவது கதவின் ரப்பரை விரலால் சுற்றிலும் தடவி, ஒரு கீறல்கூட இல்லை, போயிருக்காது என்றுதான் தோன்றுகிறது என்றார். முதல் கதவில் ஒரு துருச்சில்லு சிக்கியிருந்தது. இறால் தலையைவிடச் சின்னது. அதைத்தான் அந்த வால்வு போன வருஷத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது.

கழுவி, பூட்டி, மறுபடி சோதித்தார். இரண்டு கதவும் பிடித்தன. அடிவயிற்று வாய் சரியான நேரத்தில் ஒருமுறை துப்பிவிட்டு மூடிக்கொண்டது. ஒரு பாட்டிலில் குடிநீரைப் பிடித்து லேபுக்கு அனுப்பச் சொன்னார். குழாயை முழுதாக அரை மணி நேரம் திறந்துவிடச் சொன்னார். நல்ல தண்ணீர் சாக்கடைக்குப் போவதைக் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தேன். மூட வேண்டும் என்று கை ஒருமுறைகூட நீளவில்லை.

ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "தக்கைதான் வெளிய வந்துட்ச்சே. அத எழுதினா உங்களுக்குத்தான் பேஜாரு. முதல் கதவுல துருன்னு மட்டும் போட்டுக்குறேன்."

"எழுதுங்க பாய். அட்ச்சது யாருன்னும் எழுதுங்க."

"யோசிச்சிக்கோங்க."

"நான் நாளிக்கி வேலைய விட்டுப் போய்ட்டா, எனக்குப் பதிலா வர்றவளும் காசிமேட்டுக்காரியா இருந்தா? அவளும் தக்கைதான் அடிப்பா. எழுதுங்க."

எழுதினார். ஆபீஸில் மெமோ கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். வால்வுக்கு மேலே சுவரில் நானே பெயின்ட்டால் பெரிதாக எழுதினேன்: இது சொட்டினால் அடைக்காதே, என்னைக் கூப்பிடு. அந்த எழுத்து இன்றைக்கும் கோணலாகத்தான் இருக்கிறது, ஆனால் கடலிலிருந்து பார்த்தாலும் தெரியும்.

சாயங்கால டீ நேரத்தில் நாற்பது பேரையும் குழாயருகே நிற்கவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சொட்டினது, தக்கை அடித்தது, அட்டையைத் திருப்பிக் கட்டினது, ஒரே ஒரு கதவு மட்டும் தாங்கிக்கொண்டிருந்தது, எதையும் விடவில்லை. "இப்போ சரி ஆய்ட்ச்சு. நான் சொல்றேன், தைரியமா குடிங்க" என்று முடித்தேன். நாற்பது பேரில் ஒருத்தியும் டம்ளரை நீட்டவில்லை. யாராவது திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எண்ணூர்ப் பெண் வயிற்றின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். குரலில் கோபமே இல்லை.

"இந்தக் கொயா தண்ணிய நீ ஒரு நாளாவது குட்ச்சிகிறியாக்கா?"

எனக்கென்று ஒரு சின்ன ரூம் உண்டு. அதில் மேசைக்குப் பக்கத்தில் கேன் தண்ணீர் இருக்கும், வாரம் இரண்டு கேன், கம்பெனி போடுகிறது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதைத்தான் குடிக்கிறேன். அந்த நிமிஷம்வரை அது எனக்கு ஒரு விஷயமாகவே பட்டதில்லை. கேரண்டி கொடுத்த அன்றைக்கும் கேன் தண்ணீரைத்தான் குடித்துவிட்டு வந்து கொடுத்திருக்கிறேன்.

"இல்ல" என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. தக்கை அடித்ததற்குக்கூட அவ்வளவு வெட்கப்படவில்லை.

அவள் தலையாட்டினாள். காலி பாட்டிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். மறுநாள் வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டுவந்தாள். கொதிக்கவைத்ததுதான், ஆனாலும் மஞ்சள் போகவில்லை. அவள் அதை அண்ணாந்து குடிப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

நானும் விடுகிற ஆளில்லை. கேனை ரூமிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். பத்து மணி பிரேக்கில் டம்ளரோடு போய் அந்தக் குழாயில் பிடித்து, எல்லோருக்கும் முன்னால் நின்று குடித்தேன். உச்சிவேளையில் ஒருமுறை, டீ நேரத்தில் ஒருமுறை. மூன்றாம் நாள் லேபிலிருந்து தண்ணீர் சுத்தம் என்று காகிதம் வந்தது. அதைக் குழாய்க்கு மேலே ஒட்டினேன். ஒருத்தியும் நின்று படிக்கவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்காம் நாள் இரண்டு மூன்று பேர் டம்ளரை நீட்டினார்கள். எண்ணூர்ப் பெண் வரவில்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் குழாயடியில் இரண்டாவது டம்ளரைக் குடித்துக்கொண்டிருந்தேன். முதுகில் ஏதோ இடித்தது. திரும்பினால் அவள் வயிறு.

"நவுருக்கா, நான் புடிக்கணும்" என்றாள்.