தாய்மாமன் ஷூவுக்குள் ஒரு பாம்பு

எங்கள் வீட்டுப் பக்கம் பாம்பே கிடையாது என்று என் மாமியார் கல்யாணத் தரகரிடம் போனில் சொன்னபோது, நான் பக்கத்தில்தான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. ஏற்காட்டிலிருந்து வாழவந்தி போகும் வழியில், காப்பித் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது எங்கள் வீடு. இங்கே பாம்பு வராது என்பது, ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டு ஒண்டிக்கடை முக்கில் டூரிஸ்ட் கார் வராது என்பது போல.

பொய்க்குக் காரணம் என் நாத்தனார், என் கணவரின் தங்கை. பல்லு சரியில்லை, பேச்சு சரியில்லை என்று வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்தவள். சேலத்துக்கு அந்தப் பக்கம் விவசாயக் குடும்பம் ஒன்றிலிருந்து வந்த இந்தப் பையனோடு மட்டும், சிக்னல் கிடைக்கும் தண்ணீர்த்தொட்டி மேல் உட்கார்ந்து தினமும் சிரித்துச் சிரித்துப் பேசினாள். "இந்த எடம் தட்டிப்போச்சுன்னா இனி நான் யாரு முன்னாடியும் காப்பித் தட்டோட வந்து நிக்க மாட்டேன் அண்ணி" என்று என்னிடம் சொல்லியும் விட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். பையனின் அம்மாவோ தரகர் மூலம் எங்களைக் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "மேல ஊட்டுப் பக்கம் பாம்பு வருமாங்க?" அந்தம்மாவுக்குப் பாம்பென்றால் பயம், மலைப்பெண்ணே வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் முடிவு கட்டினோம். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் செய் என்பார்கள். என் மாமியார் முதல் பொய்யைச் சொல்லிக் கணக்கைத் தொடங்கிவைத்தார்.

பாம்பைப் பற்றி எனக்கென்று சில சட்டங்கள் உண்டு. எந்தப் பாம்பென்று தெரியாவிட்டால் அது விஷப்பாம்புதான். கண்ணால் பார்க்கலாம், கம்பால் பார்க்கக் கூடாது. தள்ளி நின்று அது எங்கே போகிறது என்று கவனித்து, தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட வேண்டும். அதற்கும் முன்னால், வாசலை ஒட்டி விறகையும் பழைய சாக்கையும் குவித்து அதற்கு வீடு கட்டித் தரக் கூடாது. இந்தக் கடைசிச் சட்டத்தை என் மாமியார் ஏற்கவே இல்லை. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த விறகுக் குவியலை அப்புறப்படுத்தச் சொல்லி வாய் வலிக்கக் கத்தியிருக்கிறேன். "அது பாட்டுக்கு இருக்குது, உனக்கென்ன பண்ணுது?" என்பார்.

பெண் பார்க்க வரும் நாளன்று காலையில் அவருக்கே ஞானம் வந்துவிட்டது. "சம்பந்தம் பேச வாறவங்க பாத்தா என்ன நெனைப்பாங்க?" என்று விடிந்ததும் ஆளைக் கூப்பிட்டு மொத்தக் குவியலையும் அள்ளி வாசலைத் துடைத்துவைத்தார். இத்தனை வருஷம் விறகுக்குள் குடியிருந்த பாம்பை, விருந்தாளி வரும் நாளாகப் பார்த்துக் காலி செய்யவைத்தால், அது போக்கிடம் தேடாதா?

மாப்பிள்ளை வீட்டார் வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். பையன், அவன் அம்மா, அம்மாவின் தம்பியான தாய்மாமன். அந்த வீட்டில் மாமன் வைத்ததுதான் சட்டமாம். மலையில் குளிரும் என்று புதிதாக வாங்கிய கணுக்கால் வரை மூடும் ஷூவில் வந்திருந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் காலை டிபனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த முகம். ஷூவைக் கழற்றி, பளிச்சென்று இருந்த வாசல் ஓரத்தில், விறகு இருந்த அதே இடத்தில் வைத்தார்.

அந்தம்மா உட்காரும் முன்பே சொல்லிவிட்டார்: "காப்பித் தண்ணி மட்டும் போதுங்க. பேச்சு முடியாம கை நனைக்கறதில்லை." சம்பந்தம் உறுதியாகும் முன் பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அது தெரிந்ததுதான் என்பதால் நாங்களும் கேசரி, பஜ்ஜியோடு நிறுத்திக்கொண்டோம். உலையே வைக்கவில்லை.

நாத்தனார் பட்டுப்புடவையில் தலை குனிந்து காப்பி கொடுத்தாள். அந்தம்மா அவளை ஏற இறங்கப் பார்த்து, "தரகர் சொன்னாருங்க, இங்க பாம்பே இல்லீன்னு. நெசமாலுமா?" என்றார். "மருந்துக்குக்கூட கெடையாதுங்க" என்றார் என் மாமியார். அந்தம்மாவின் முகம் ஏனோ சுண்டிப்போனது. எனக்குப் புரியவில்லை.

பஜ்ஜிக்கு வாழைக்காய் போதாமல், பறித்து வரலாம் என்று வாசலுக்கு வந்தேன். மாமனின் இடது ஷூவுக்குள் ஒரு வால் நுழைந்து மறைந்தது. பழுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டைகள். நான் பின்னால் நகர்ந்து, தோட்டத்து ஓரம் போய்ப் போன் செய்தேன். வண்டி கிளம்புகிறது, ஆனால் ஒண்டிக்கடையில் டூரிஸ்ட் கூட்டம், கொஞ்சம் நேரமாகும், யாரையும் கிட்டே விடாதீர்கள் என்றார்கள். என் கணவரைக் கூப்பிட்டு, தள்ளி நின்று ஷூவை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னேன். சமையலறையில் நாத்தனார் காதிலும் போட்டேன். அவள் முகம் வெளுத்தது. "சொல்லிப்போடலாமா அண்ணி?" "வாயைத் தெறக்காத. வண்டி வர்ற வரைக்கும் யாரும் வாசப்படி தாண்டாம நான் பாத்துக்கறேன்."

பிறகு நான் செய்த உபசாரத்தை எந்தச் சத்திரத்திலும் யாரும் செய்திருக்க மாட்டார்கள். இன்னொரு காப்பி, இன்னொரு கேசரி. கல்யாண ஆல்பத்தை எடுத்து, இறந்துபோன பெரியப்பா வரைக்கும் காட்டினேன். "இருந்து சாப்பிட்டுத்தான் போகோணும்" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். என் மாமியாருக்கு விஷயம் தெரியாது. பெண் வீட்டார் இப்படி இறங்கிப்போவதா என்று என்னை முறைத்த முறைப்பில் ஷூவுக்குள் இருந்தது பரவாயில்லை என்று தோன்றியது.

கடைசியில் அந்தம்மா எழுந்துவிட்டார். "கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறோமுங்க." இதற்குத் தமிழ்நாடு முழுவதும் ஒரே அர்த்தம்தான். நாத்தனாரைப் பார்த்தேன். அவள் கண் நிறைந்துவிட்டது. அந்தக் குழப்பத்தில் மாமன் எனக்கு முன்னால் வாசலுக்குப் போய்விட்டார்.

வெளியே என் கணவர் தமக்குத் தெரிந்த அளவில் சமாளித்தார். "ஏனுங்க மாமா, இந்த மண்ணுல வெறுங்காலோட நடந்தா ஒடம்புக்கு நொம்ப நல்லதுங்க." மாமன் அவரை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு, வாசல் திண்டில் உட்கார்ந்து காலைத் தூக்கினார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் தோளுக்குப் பின்னாலிருந்து, காலையிலிருந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் கத்தினாள்.

"மாமா, கால எடுங்க! ஷூவுக்குள்ள பாம்பு!"

மலைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். மாமன் கால் அந்தரத்தில் நின்றது. பையன் மூலையில் கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாய்ந்தான். "அதக் கீழ போடுங்க" என்று அவனையும் அதட்டினாள். "அடிக்கப் போனாத்தான் கடிக்கும். மாமா, நீங்க மெதுவா அப்பிடியே பின்னால நகந்து வாங்க. யாரும் கிட்டப் போகாதீங்க. வண்டி வந்துட்டிருக்குது." பையன் மண்வெட்டியைப் போட்டான். சட்டம் வைக்கும் மாமன் சின்னப்பிள்ளை போலச் சொன்னதைக் கேட்டார். பட்டுப்புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஷூவிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றவளைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனாலும் மிச்சமிருந்த கொஞ்ச நம்பிக்கையையும் அவளே உடைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். நீளமான இடுக்கியால் ஷூவைச் சாய்த்து, உள்ளே இருந்ததைப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இறக்கி மூடினார்கள். "இதுக்கு வெஷமில்லீங்க. பாக்கக் கட்டுவிரியனாட்டமே இருக்கும். அதுக்காக விரலைக் குடுத்துத் தெரிஞ்சுக்கற வேலை வெச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, காட்டில் விட எடுத்துப்போனார்கள்.

என் மாமியார் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "மருந்துக்குக்கூட கெடையாதுன்னீங்களே?" என்றார் அந்தம்மா. அந்தம்மா திரும்ப உள்ளே வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எங்கூடு கரும்புக்காட்டு நடுவுலீங்க. கோழிக்கூண்டுல ஒண்ணு, மோட்டார் ரூம்புல ஒண்ணு. இதைக் கேட்டுத்தான் எம்பையனுக்கு வந்த எடமெல்லாம் ஓடிப்போச்சு. மலைப்புள்ளைன்னா பயமில்லாம இருக்கும்னு ஆசையா கேட்டனுப்பினா, பாம்பையே பாத்ததில்லீன்னுட்டீங்க. இந்தப் புள்ள எங்கூட்டுல ஒரு நாள் தாங்குமான்னுதான் எந்திரிச்சுட்டேன்." பிறகு புடவையை உதறி வசதியாக உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "எலையப் போடுங்க. கை நனைச்சுட்டே போறோம்."

எனக்கும் மாமியாருக்கும் ஒரே நேரத்தில் அடுத்த பாம்பு தெரிந்தது. அடுப்பில் ஒன்றுமே இல்லை. இத்தனை நேரம் சாப்பிட்டுப் போங்க, சாப்பிட்டுப் போங்க என்று கையைப் பிடித்து இழுத்தவள் நான்.

"ஒரு நிமிஷத்துல ஆயிருங்க" என்று ஆயிரம் பொய்யில் இன்னொன்றையும் சொல்லிவிட்டு ஓடினேன். நான் அரிசி களைய, நாத்தனார் பட்டுப்புடவையோடு தேங்காய் துருவ உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தம்மாவே உள்ளே வந்துவிட்டார். காலியான அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கத்திரிக்காயை எடுத்துக்கொண்டு அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்தார். நாத்தனாரிடம் மட்டும், "கோழிக்கூண்டுல வாறது நல்லபாம்பு கண்ணு. அதுக்கும் இப்பிடித்தான் கத்துவியா?" என்று கேட்டார்.

அவள் தேங்காய் மூடியிலிருந்து தலையை நிமிர்த்தி, "உங்க காலு பக்கத்துல இருந்துச்சுன்னா கத்துவேனுங்க, அத்தை" என்றாள்.