அத்தர் கடையில் ஒரு சுருட்டுப் பெட்டி

ஷேக் பரீதுக்குக் கோபம் வராது. அதை நல்ல குணம் என்று ஊரே சொல்கிறது. அவர் மனைவி ரம்ஜான் பீவி மட்டும் ஒப்புக்கொள்வதில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டிய இடத்திலும், அத்தர் புட்டியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆளை எதில் சேர்ப்பது என்று அந்த அம்மாள் கேட்பார். கேள்வியில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

கோவை பெரிய கடை வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் அவருடைய கடை. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டும். மஜ்முவா, மல்லிகை, கஸ்தூரி, ஜவ்வாது என்று சுவர் முழுக்கப் புட்டிகள், கீழே சாம்பிராணியும் ஊதுபத்தியும். வாசம் அங்கே சும்மா இருக்காது, கிடைத்ததில் எல்லாம் ஏறி உட்காரும். மேசைமேல் வைத்து மறந்த மின்கட்டண ரசீதுகூட மறுநாள் காதல் கடிதம்போல மணக்கும். அப்படிப்பட்ட கடையில் ஒரு பெட்டிச் சுருட்டு வந்து சேர்ந்தது என்றால், அதற்குக் காரணம் மாரப்பன்.

மாரப்பன் வால்பாறை பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இளவட்டத்தில் பரீத் அத்தர்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய் விற்றபோது, ஏறுவதெல்லாம் அவர் வண்டியில்தான். ஒருமுறை கொண்டை ஊசி வளைவில் பெட்டி உருண்டு, பெரிய மல்லிகைப் புட்டி உடைந்து பஸ் முழுக்க ஓடிவிட்டது. கண்டக்டர் குதியோ குதி என்று குதித்தார். மாரப்பன் ஸ்டியரிங்கிலிருந்து கண்ணை எடுக்காமல், வண்டிக்கும் ஒரு நாளைக்குச் சீர் செய்ய வேண்டாமா, விடுங்கள் என்று சொன்னாராம். அன்று முதல் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் சீட் பரீதுடையது.

மலைக்குளிருக்குத் துணையாகப் பிடித்துக்கொண்ட சுருட்டு, ஓய்வு பெற்ற பிறகும் மாரப்பனை விடவில்லை. போன வருஷம் நெஞ்சு வலித்து, கோவையில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்தார்கள். வெள்ளகோவில் வீட்டுக்குத் திரும்பிய கையோடு அவர் மனைவி ராமாத்தாள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டி, இருந்த சுருட்டையெல்லாம் அடுப்பில் போட்டார். விவரம் தெரியாத மருமகன் தீபக், மாமனாருக்குப் பிடிக்குமே என்று துபாயிலிருந்து ஒரு மரப்பெட்டி நிறைய வெளிநாட்டுச் சுருட்டு வாங்கி வந்தார். ராமாத்தாள் கண்ணில் படுவதற்குள் அதை மஞ்சள் பையில் போட்டு, மேலே ஈசிஜி தாள்களை வைத்து மூடி, மாரப்பன் நேராகப் பரீதின் கடைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"பாய், இது உங்க பொறுப்புங்க. மாசாமாசம் செக்கப்புக்கு வாரப்ப ஒண்ணே ஒண்ணு. எல்லாரும் வேண்டாம் வேண்டாம்னு உசுரை எடுக்கறாங்க. நீங்க ஒருத்தருதானுங்க அதைச் சொல்லாதவரு. அதனாலதான் இங்க வாரேன்."

இப்படிச் சொல்லி ஒருவர் வாயைக் கட்டிவிட்டால், அப்புறம் அவர் என்னதான் செய்வார்? பரீத் பெட்டியை வாங்கி மேல் அலமாரியில் வைத்தார். நம்பி ஒப்படைத்த பொருளைப் பரீதின் மார்க்கத்தில் அமானிதம் என்பார்கள். கொடுத்தது கொடுத்தபடியே இருக்க வேண்டும், அதைக் கெடுப்பது பெரிய பாவம் என்று சின்ன வயதிலேயே அவர் காதில் ஏறிய விஷயம்.

பெட்டிக்குள் ஒவ்வொரு சுருட்டும் தனித்தனிக் கண்ணாடித்தாளுக்குள் இருந்தது. வழவழவென்று மெல்லிசு, ஆனால் கெட்டி. அந்தத் தாள் செய்த வேலையைத் தொழில்காரர் என்ற முறையில் பரீத் மெச்சினார். அவ்வப்போது ஒன்றை எடுத்துத் தாளைக் கொஞ்சம் விலக்கி மோந்து பார்ப்பார். சுற்றிலும் இத்தனை அத்தர் இருந்தும், உள்ளே புகையிலை வாசம் தவிர வேறு எதுவும் எட்டிப் பார்க்கவில்லை.

மாசத்துக்கு ஒருநாள் மாரப்பன் வருவார். கடைக்குப் பின்னால் துணி காயப்போடுகிற சின்ன முற்றத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒரு சுருட்டை நிதானமாகப் பிடிப்பார். பரீத் டீ வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருவார். பேச்சு மலை ஏறி இறங்கும். கிளம்பும்போது புகை வாசம் தெரியாமல் இருக்க அவர் சட்டைக் காலரில் மஜ்முவா தடவி, காது மடலில் ஒரு அத்தர்ப் பஞ்சும் செருகி அனுப்புவார் பரீத். வெள்ளகோவில் போய்ச் சேரும்வரை அந்த மனுஷன் கல்யாண மாப்பிள்ளைபோல மணப்பார்.

எல்லாம் சுகமாகப் போய்க்கொண்டிருந்தது, ஒருநாள் மாரப்பன் கடைப்படி ஏறும்வரை. இருப்பதே மூன்று படி. அதற்கே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, மூச்சு வாங்கி, நெற்றி வேர்வையைத் துடைத்தார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, அவர் சொல்வதைச் சொல்லிக்கொண்டுதான் இருப்பார் என்று சிரித்தார். பிறகு பெட்டியை எடுக்கச் சொன்னார். பரீதின் கை அலமாரிக்குப் போகவே மறுத்தது. ஆனாலும் எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு முற்றத்தில் டீ ஆறிப்போனது. கூட்டாளி விடுகிற ஒவ்வொரு புகைக்கும் இவருக்குத்தான் நெஞ்சு அடைத்தது. வேண்டாம் என்று சொன்னால் இவன் வருவதை நிறுத்திவிடுவான், சொல்லாவிட்டால் ஒரேயடியாகப் போய்விடுவான். இரண்டில் எதைத் தாங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

நாலைந்து நாள் கழித்து மாரப்பனிடமிருந்து போன் வந்தது.

"பாய், மாப்பிள்ளை ஒரு சேதி சொல்றாருங்க. அந்தக் கண்ணாடித்தாளையெல்லாம் உரிச்சுப்போட்டு வெறுஞ்சுருட்டா அடுக்கோணுமாமுங்க. அப்பத்தான் அது மூச்சு உட்டுப் பதமாகுமாம். தாளோட வெக்கறதா, இல்லாம வெக்கறதான்னு அங்க சுருட்டுப் புடிக்கறவங்களுக்குள்ள பெரிய சண்டையே நடக்குதாமுங்க. நீங்க உரிச்சுருங்க."

மாப்பிள்ளை சொன்னது சுருட்டுக்கென்றே இருக்கிற தனிப் பெட்டிக்கும் அறைக்கும் சரியாக இருக்கலாம். அத்தர்க் கடைக்கு? தாளை உரித்தால் ஒரு மாசத்தில் அது சுருட்டாக இருக்காது என்பது பரீதுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. "என் கடையில வேண்டாமுங்க, கெட்டுப்போகும்" என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. மூன்று படிக்கு மூச்சு வாங்கிய முகமும் கூடவே வந்தது.

"சரிங்க டிரைவரே" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கே எல்லாத் தாளையும் உரித்தார். அதோடு விட்டாரா? பெட்டியை மேல் அலமாரியிலிருந்து இறக்கி, மல்லிகைக்கும் கஸ்தூரிக்கும் நடுவில், மூடியைத் திறந்தே வைத்தார். சாதுவான ஆளுக்கு ஒரு வேலை வந்தால் எவ்வளவு சுத்தமாகச் செய்கிறார் பாருங்கள்.

மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவரை ரம்ஜான் பீவி துருவித் துருவிக் கேட்டு விஷயத்தை வாங்கிவிட்டார்.

"உரிச்சா கெட்டுப்போகும்னு சொன்னீங்களா?"

"அவரு கேக்கல."

"கேக்காட்டி? அது அமானிதமுங்க. அவரு உசுரு மேல அக்கறை இருந்தா நேரா வாயைத் தொறந்து சொல்லுங்க. பொருளைக் கெடுத்து மனுசனைத் திருத்தறது என்ன வழி?"

பரீத் ரசத்தை ஊற்றிக்கொண்டார். பாவம்தான். ஆனால் கூட்டாளி முதல் இழுப்பிலேயே முகம் சுளித்துத் தூக்கி எறிவார், தானாகவே விட்டுவிடுவார், தானும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்காது என்று மனசுக்குள் ஒரு கணக்கு. பாவத்தைத் தான் சுமந்துகொள்ளலாம், ஆள் இருந்தால் போதும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

அடுத்த செக்கப்புக்கு மாரப்பன் வந்தார். ஸ்டூல் போட்டாயிற்று, டீ வந்தாயிற்று. பெட்டியைத் திறந்ததும் ஒரு கணம் அவர் மூக்கு விரிந்தது. பற்றவைத்து ஒரு இழுப்பு இழுத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. பரீத் அவர் முகத்தையே பார்த்தார்.

"நல்லா இருக்குதுங்க பாய்" என்றார் மாரப்பன். "மாப்பிள்ளை சொன்னது நெசந்தானுங்க. நல்லாப் பதமாயிருச்சு."

பரீதுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த ஊர்க்காரர்களை வைத்துக்கொண்டு ஒரு சதிகூடச் செய்ய முடியாது. விருந்தில் பாயசத்துக்கு உப்புப் போட்டுக் கொடுத்தாலும் போதுமுங்க, வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்லிக் குடித்துவிட்டு எழுவார்களே தவிர, கொடுத்தவர் முகம் வாட ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். அதை மறந்துவிட்டுத் திட்டம் போட்டது இவர் தப்பு.

மாரப்பன் இருமிக்கொண்டே அந்தச் சுருட்டை முழுசாக முடித்தார். வழக்கமாகப் பாதியில் அணைப்பவர், இன்று முழுசாக. போதாததற்குப் பரீதின் முகம் போன போக்கைப் பார்த்து, தான் சொன்னதைப் பாய் நம்பவில்லை போலிருக்கிறது, மனசு சங்கடப்படுகிறார் என்று நினைத்துவிட்டார். பெட்டியில் கைவிட்டு இரண்டாவது சுருட்டை எடுத்து வாயில் வைத்தார். ஒருநாளும் இரண்டு பிடித்தவர் இல்லை.

தீக்குச்சி உரசுவதற்குள் பரீத் எழுந்து அந்தச் சுருட்டைக் கூட்டாளியின் வாயிலிருந்தே பிடுங்கினார்.

"வேண்டாமுங்க டிரைவரே. போதும். நாந்தான் கெடுத்தேன், தெரிஞ்சேதான் கெடுத்தேன். நீங்களா உட்ருவீங்கன்னு பாத்தேன். மூணு படி ஏற முடியலை உங்களால. நீங்க போயிட்டா இந்த ஸ்டூலை நான் யாருக்குங்க போடறது?"

மாரப்பன் தீக்குச்சியைத் தீப்பெட்டிக்குள் திரும்பவும் போட்டார். மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு, வாரேன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டார். சட்டைக்கு அத்தர் தடவவில்லை, காதில் பஞ்சு இல்லை. பரீத் சந்து முனைவரை பார்த்துக்கொண்டே நின்றார். திரும்பிப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தார், பார்க்கவில்லை.

சாயங்காலம் விளக்குப் போடுகிற நேரத்துக்கு ராமாத்தாள் போன் செய்தார். சுருட்டு விஷயம் வெளியாகிவிட்டது, வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று பரீத் போனைக் காதில் வைத்தார்.

"ஏனுங்கண்ணா, அவரு இன்னிக்கு உங்க கடைக்கு வரலீங்களா? சட்டையில வெறும் புகை வாசந்தான் இருக்குதுங்க, அத்தர் வாசமே இல்ல. வந்ததுல இருந்து பேச்சும் இல்லீங்க. எனக்குப் பயமா இருக்குது."

எல்லாம் தெரியுமா என்று பரீத் தட்டுத்தடுமாறிக் கேட்டார்.

"நாப்பது வருசமாத் தொவைக்கற சட்டைங்க, தெரியாம இருக்குமுங்களா? புகை வாசத்துக்குக் கோவம் வருமுங்க. ஆனா அத்தர் வாசமும் அடிச்சா, சரி, அண்ணன் பக்கத்துல இருந்துருக்காரு, மயங்கி உழுந்தாலும் புடிச்சுக்குவாருன்னு நெனச்சுக்குவேன். இன்னிக்கு அவரு தனியா எங்கியோ உக்காந்து புடிச்சுப்போட்டு வந்துருக்காரோன்னுதானுங்க பயம்."

கடைக்குத்தான் வந்தார், நான் பக்கத்தில்தான் இருந்தேன் என்று பரீத் சொன்னார். நான்தான் அவரைக் கோபப்படுத்திவிட்டேன் என்றும், என்ன செய்தேன் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னார். அந்தப் பக்கம் ராமாத்தாள் மூக்கைச் சிந்துவது கேட்டது.

அந்த ஒரு மாசம் பரீத் பெட்டியைத் தொடவில்லை. கெட்டுப்போனாலும் அது மாரப்பனுடையது, தூக்கி எறிய இவருக்கு உரிமை இல்லை. செக்கப் நாளன்று காலையிலேயே முற்றத்தைக் கூட்டி ஸ்டூலைப் போட்டு வைத்தார். பதினோரு மணி ஆயிற்று, பன்னிரண்டும் ஆயிற்று. ஆஸ்பத்திரி வேலை முடிந்து பஸ் ஏறியிருப்பார் என்று நினைத்து, ஸ்டூலை உள்ளே எடுத்து வைக்கப் போனபோது படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

மாரப்பன் மூன்று படியையும் ஏறி, நின்று, மூச்சு விட்டார். போன தடவையைவிடப் பரவாயில்லை. முற்றத்துக்குப் போய் உட்கார்ந்தார். பெட்டியைக் கேட்கவில்லை, டீ குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"முதல் இழுப்புலயே தெரிஞ்சுபோச்சுங்க பாய். கல்யாணப் பந்தலைப் பத்தவெச்ச மாதிரி இருந்துச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமல்லங்க?"

"நீங்க இத்தனை நாளாப் பத்திரமா வெச்சுக் குடுத்ததை நல்லால்லைன்னு எப்பிடிங்க சொல்றது?"

இருவரும் சிரித்தார்கள். பரீதுக்குச் சிரிப்பு நிற்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மாரப்பன் பெட்டியை எடுத்துவரச் சொல்லி, ஒரே ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு மூடினார். ஊதுபத்திக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். பேச்சு வழக்கம்போல வால்பாறைக்கு ஏறியது, பஸ் நேரம் வந்ததும் இறங்கியது.

கிளம்புகிற நேரத்தில் பரீத் பையை எடுத்துக் கொடுத்தார். புகையே இல்லாததால் அத்தர்ப் புட்டி ஞாபகம் அவருக்கு வரவில்லை. மாரப்பன் படியில் நின்றபடியே சட்டைக் காலரைத் தூக்கிக் காட்டினார்.

"தடவுங்க பாய். இல்லாட்டி ராமாத்தா தூங்க மாட்டாளுங்க."