ராகு காலத்துக்கு முன் வெளியே எடுத்த கார்

காரின் இடது பின் சக்கரத்தில் சத்தம் வர ஆரம்பித்தது ஐப்பசி மழைக்குப் பிறகுதான். குரும்பலூரிலிருந்து டவுனுக்குப் போகும் வழியில் ஒரு தரைப்பாலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. எல்லோரும் வண்டியைத் திருப்பிக்கொண்டு சுற்று வழியில் போக, நான் மட்டும் உள்ளே விட்டேன். என் குணம் அப்படி. மாசி பிறந்தபோது, வேகம் நாற்பதைத் தொட்டால் மாவு மில்லுக்குள் உட்கார்ந்திருப்பது போல வண்டி இரைந்தது. பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும்.

பேரிங் துருப்பிடித்துவிட்டது என்பது எனக்கே தெரிந்தது. மெக்கானிக்கிடம் விட்டிருக்கலாம். ஆனால் நான் பள்ளிக்கூட ஆய்வக உதவியாளன். உடைந்த தராசையும் எரியாத பர்னரையும் பதினெட்டு வருடமாகச் சரிசெய்து வருபவன். வீட்டில் மிக்சி, மோட்டார், சைக்கிள் எல்லாம் என் கைதான். "ஆயிரம் வண்டியப் பிரிச்சாத்தான் அரை மெக்கானிக்கு. நீங்க இன்னும் ஒண்ணுகூடப் பிரிக்கலியே" என்று என் மனைவி கேலி செய்வாள். கேலி செய்தாலும், நான் பழுது பார்த்த மிக்சியில் எந்தப் பயமும் இல்லாமல் சட்னி அரைப்பாள்.

அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துத் தங்கிய பிள்ளை. அதற்கு முன்னால் இரண்டு தடவை தங்காமல் போயிருந்தது. அதனால் எங்கள் வீட்டில் எல்லோரும் மெதுவாக நடந்தோம், மெதுவாகப் பேசினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் வளைகாப்பு வைத்து, அன்று சாயங்காலமே அவளை அரியலூரில் உள்ள தாய்வீட்டுக்கு அழைத்துப்போவதாக முடிவானது. அழைத்துப்போவது பிறந்த வீட்டாரின் உரிமை. அவளுடைய தம்பி எங்கள் காரை ஓட்டுவான். அவளும் அவள் அம்மாவும் பின்சீட்டில். புருஷன் கூடப் போகும் வழக்கமில்லை. "டாக்ஸி சொல்லிரட்டுமா தம்பி, வண்டி ஒரே சத்தமா இருக்கே" என்று அத்தை மச்சினன் போனிலிருந்து கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அதெல்லாம் வேண்டாம், அதற்குள் சரிசெய்துவிடுவேன் என்றேன்.

சனிக்கிழமை காலையில் சக்கரத்தைக் கழற்றினேன். உள்ளே பிரேக் டிரம் இருக்கும். அந்த டிரம்முக்குள்தான் பேரிங். டிரம்மை அச்சில் பிடித்து வைத்திருப்பது ஒரே ஒரு பெரிய நட். அந்த நட் தானாகக் கழலாதபடி, அதன் பற்களுக்கு நடுவே குறுக்கே நுழைத்து, இரண்டு காலையும் மடக்கிவிட ஒரு பின் உண்டு. பெண்கள் தலையில் குத்தும் ஹேர்பின் அளவுதான். நட் கழன்றது, டிரம் வரவில்லை. துரு அதை அச்சோடு சேர்த்துப் பிடித்திருந்தது. டீசல் ஊற்றி, மரக்கட்டை வைத்துத் தட்டி, கால் கொடுத்து இழுத்து, மணி ஐந்தானபோதுதான் அசைந்து கொடுத்தது. உள்ளே இருந்த குண்டுகள் நாவல்பழக் கொட்டை போல நிறம் மாறிச் சொரசொரத்துக் கிடந்தன. இதன்மேல் அவளை எத்தனை முறை செக்கப்புக்குக் கூட்டிப்போயிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன்.

ஞாயிறு காலை முழுவதும் விசேஷத்தில் போய்விட்டது. பந்தி முடிந்து, மூன்று மணிக்குத்தான் கைலியைக் கட்டிக்கொண்டு சக்கரத்தருகே உட்கார்ந்தேன். புது பேரிங்குகளைத் தட்டி இறக்கி, கிரீஸ் வைத்து, டிரம்மை மாட்டி, நட்டைக் கையால் திருகிக்கொண்டிருந்தேன். அத்தை வந்து நின்றார்.

"தம்பி, மணி நாலே கால். நாலரைக்கு ராகு காலம் வந்துரும். இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்?"

"ஒரு இருவது நிமிஷம் அத்தை."

"அப்ப வண்டிய மொதல்ல கேட்டுக்கு வெளில நிறுத்துங்க. புள்ள வாசலத் தாண்டிட்டா கெளம்புன கணக்குதான். அப்புறம் தெருவுல நின்னுகிட்டு எவ்ளோ நேரம் வேணாலும் பாருங்க."

எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். கெட்ட நேரம் வருவதற்குள் படி தாண்டிவிட வேண்டும். பிறகு எதிர்வீட்டு நிழலில் அரைமணி நேரம் நின்றாலும் குற்றமில்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிபவன் நான். ஆனால் இரண்டு முறை பறிகொடுத்த வீட்டில் ராகு காலத்தோடு வம்பு வைத்துக்கொள்ள எனக்கே தைரியம் இல்லை. தெருப்புழுதி கிரீஸில் ஏறாமல் இருக்க, நட்டின்மேல் இருக்கும் தகர மூடியைத் தட்டி மாட்டினேன். சக்கரத்தைப் பூட்டி, ஜாக்கியை இறக்கி, வண்டியை உருட்டிக் கேட்டைத் தாண்டி எதிரே நிறுத்தினேன். வெளியே வைத்து மூடியைக் கழற்றி, ஸ்பேனரில் பெரிய பைப்பைப் போட்டு நட்டை இறுக முறுக்கி, பின்னைச் செருகிவிட வேண்டும். இதை எனக்கு நானே இரண்டு முறை சொல்லிக்கொண்டேன்.

நாலு இருபத்தைந்துக்கு அவள் படி தாண்டினாள். இரண்டு கையிலும் முழங்கைவரை கண்ணாடி வளையல். கன்னத்தில் சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. காரில் உட்கார்ந்ததும் அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவள் அழ ஆரம்பித்தாள். நான் ஜன்னலோரம் போய் நின்றேன். கிரீஸ் கை என்பதால் அவளைத் தொடவும் முடியவில்லை. "தைரியமா இருங்க. வேளைக்குச் சாப்டுங்க" என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். அத்தை ஏறிக்கொண்டார். தெருப் பெண்கள் சுற்றி நின்றார்கள்.

"மாமா, வண்டி ரெடியா?" என்றான் மச்சினன்.

"சரியாயிடுச்சு. இனிமே சத்தமே வராது. போயிட்டு வாங்க" என்றேன்.

என் வாயால் சொன்னேன். வண்டி தெருமுனை திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

கால்மணி நேரம் கழித்து ஸ்பேனர்களைப் பொறுக்கி வைக்கப் போனேன். ஒரு டிபன் பாக்ஸ் மூடியில், கிரீஸ் படாமல் இருக்கட்டும் என்று நான் தனியாக வைத்த புது பின், இரண்டு காலும் நேராக, அப்படியே இருந்தது.

நட்டில் பின் இல்லை என்பது மட்டுமல்ல, நட்டையே முறுக்கவில்லை. விரலால் திருகி விட்டதோடு சரி. அதிலும் இடதுபக்கச் சக்கரம். வண்டி முன்னால் போகும்போது அந்தச் சக்கரம் சுற்றும் திசையும் நட் கழலும் திசையும் ஒன்றுதான். ஒவ்வொரு சுற்றும் அதைக் கழற்றிக்கொண்டே போகும். நட் விழுந்தால் சக்கரம் டிரம்மோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். அந்தச் சக்கரத்துக்கு மேலேதான் அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

அவளுக்குப் போன் போட்டேன். படுக்கையறையில் சார்ஜரில் கிடந்த போன் அடித்தது. மச்சினன் ஓட்டும்போது போனை எடுக்க மாட்டான். அந்த நல்ல பழக்கத்தை அன்றுதான் சபித்தேன். அத்தையிடம் போன் கிடையாது. ஸ்பேனர், பைப், ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர் எல்லாவற்றையும் சாக்குப்பையில் போட்டு பைக்கில் கட்டினேன். பின்னைச் சட்டைப்பையில் வைத்து, வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அந்த ரோட்டில் அவ்வளவு வேகமாக நான் போனதில்லை. சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எங்கே நாலு பேர் கூடி நின்றாலும் அங்கே எங்கள் கார் கவிழ்ந்து கிடப்பதாகவே தோன்றியது. டீக்கடைக் கூட்டம். பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம். எதிரே ஓர் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு வந்தபோது பைக்கை ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன். யாரை ஏற்றிக்கொண்டு போகிறது, திரும்பிப் பின்னால் போவதா, முன்னால் போவதா என்று புரியாமல் நின்றேன். அது சைரன் போட்டுக்கொண்டு எந்த ஊரிலிருந்து வந்தது என்றுகூட யாரையும் கேட்க முடியவில்லை. ஏழு மாதம். வெளியே எடுத்தாலும் பிழைக்குமா? இதெல்லாம் மனதில் ஓடியது. அப்படி யோசிக்கிற மனதைத் திட்டிக்கொண்டே மறுபடி பைக்கை எடுத்தேன்.

பேரளி தாண்டி வெகுதூரம் போன பிறகு, ஒரு லாரிக்குப் பின்னால் எங்கள் கார் தெரிந்தது. பின்சக்கரம் நேராகச் சுற்றவில்லை. தலையாட்டிப் பொம்மை போல இப்படியும் அப்படியும் சாய்ந்து சாய்ந்து போனது. ஹாரன் அடித்தேன். யாரோ வழி கேட்பதாக நினைத்து, முன்னால் போகச் சொல்லிக் கையைக் காட்டினான் மச்சினன். பக்கத்தில் ஓட்டிப்போய்க் கண்ணாடியைத் தட்டினேன். ஒரு புளியமரத்தடியில் மெதுவாக நிறுத்தினான். அவன் திடீரென்று பிரேக் போடாமல் நிறுத்தியதற்கு இன்றைக்கும் அவனுக்கு நன்றி சொல்கிறேன்.

"எறங்குங்க ரெண்டு பேரும்."

"என்ன தம்பி இது, ராகு காலத்துல நடுவழியில புள்ளய எறங்கச் சொல்றீங்க? வூட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்" என்றார் அத்தை.

"எறங்குங்கன்னு சொல்றேன்ல."

அவரிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி, மரத்தடியில் போய் நின்றாள்.

மச்சினன் ஜாக்கி போட்டான். "லேசா ஆடுற மாதிரிதான் இருந்துச்சு மாமா. ரோடு சரியில்லன்னு நெனச்சேன்" என்றான். ஸ்க்ரூ டிரைவரால் மூடியை நெம்பி எடுத்தேன். நட் அச்சின் நுனிக்கு வந்துவிட்டிருந்தது. ஒரு விரலால் தொட்டேன். இரண்டு சுற்றில் கையோடு வந்துவிட்டது. இரண்டே இரண்டு சுற்று.

பைப்பைப் போட்டு ஏறி மிதித்து முறுக்கினேன். பின்னைச் செருகப் போனேன். ஓட்டை கண்ணுக்குத் தெரிகிறது, பின் போகவில்லை. இரண்டு முறை மண்ணில் விழுந்தது. கடைசியில் மச்சினன்தான் வாங்கிச் செருகி, அதன் காலை மடக்கினான். அதற்குள் என் மனைவி பக்கத்தில் வந்து நின்றிருந்தாள்.

"என்னாச்சு? உண்மையச் சொல்லுங்க."

சொன்னேன். பின்னைப் போடாததையும், நட்டை முறுக்காததையும், எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தமே இல்லாமப் போனுச்சுங்க. நல்லாப் பாத்துருக்காருன்னு அம்மாகிட்ட பெருமையா சொல்லிக்கிட்டு வந்தேன்" என்றாள்.

"இப்ப சரியாயிடுச்சு. ஏறு."

"வூட்டுல நிக்கிறப்பவும் சரியாயிடுச்சுன்னுதான சொன்னீங்க."

தூரத்தில் அரியலூர் பஸ் வந்துகொண்டிருந்தது. அவள் ரோட்டோரம் போய்க் கையைக் காட்டினாள். கை நிறைய வளையலோடு ஒரு பிள்ளைத்தாய்ச்சி நடுவழியில் நிற்பதைப் பார்த்து டிரைவர் நிறுத்திவிட்டார். அவள் கம்பியைப் பிடித்து மெதுவாக ஏறினாள், பின்னாலேயே அத்தை. ஜன்னலோரத்தில் யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மச்சினன் வெறும் காரை ஓட்டிக்கொண்டு பஸ்ஸின் பின்னால் போனான். நான் பைக்கில் அவனுக்குப் பின்னால் போனேன். சக்கரம் ஆடாமல், சத்தமில்லாமல், நேராகச் சுற்றியது. அரியலூர்வரை அதைவிட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. அவள் மறுபடி காரில் ஏறியிருந்தால் என் மனம் குளிர்ந்திருக்கும். ஆனால் என் கை பூட்டிய அந்தச் சக்கரத்தின் மேல், அன்று அவள் இடத்தில் நான் இருந்திருந்தால், நானும் ஏறியிருக்க மாட்டேன்.